நெஞ்சுநோவும் இரத்த றிப்போட்டும்: இலக்கங்கள் சொல்வதும் சொல்லாததும்

வடக்கின் அரச வைத்தியசாலைகளில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின்னரும் படலையைத் திறந்துகொண்டு றிப்போட்டுடன் வருபவர்கள் குறையவில்லை. முன்னர் சீனியும் கொலஸ்திரோலும் பார்த்த தாள்கள்தான் வரும். இப்போது கூடுதலாக வருபவை நெஞ்சுநோவுக்குப் பார்த்த தாள்கள். கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் இரண்டுதான். "ஐயா, ட்ரோபொனின் நெகட்டிவ் எண்டு போட்டிருக்கு. அப்ப இது வாய்வுதானே?" என்பது ஒன்று. "கனடாவில இருந்து மகள் அன்ரிஒக்சிடன்ற் குளிசை அனுப்பியிருக்கிறா. இதைப் போட்டா அடைப்புக் கரையுமோ?" என்பது மற்றது.

முதற் கேள்விக்குப் பிழையான பதிலை நம்பி வீட்டில் படுத்துவிடுபவர் உயிரை இழக்கலாம். இரண்டாவதற்குப் பிழையான பதிலை நம்புபவர் காசை இழப்பார். கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டு அதை விழுங்கினால் உயிரையும்தான். படலையில் நின்று இரண்டு வசனத்தில் சொல்லி முடிகிற விடயமல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். அந்த இலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஆய்வுகூடத்தின் பக்கமிருந்து சொல்கிறேன். சிகிச்சையைத் தீர்மானிப்பது உங்கள் வைத்தியர்.

கிழிந்த மூட்டை

இருதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் இருதயத் தசைக்கு வேண்டிய இரத்தம் அதன் மேற்பரப்பில் ஓடும் முடியுரு நாடிகள் வழியாகவே போகிறது. இந்த நாடிகளின் சுவருக்குள் பல ஆண்டுகளாகக் கொழுப்பும் இறந்த கலங்களும் சேர்ந்து ஒரு திட்டு உருவாகிறது. ஒருநாள் அந்தத் திட்டின் மேல்மூடி வெடிக்க, அந்த இடத்தில் இரத்தம் கட்டிபட்டு நாடியை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசைக்கு ஒட்சிசன் கிடைக்காது. ஏறத்தாழ 20 நிமிடங்களில் தசைக் கலங்கள் இறக்கத் தொடங்குகின்றன. இதுவே மாரடைப்பு.

கலம் இறக்கும்போது அதன் மென்சவ்வு கிழிந்து, உள்ளே இருந்த நொதியங்களும் புரதங்களும் இரத்தத்தில் கலக்கின்றன. பல சாமான் மூட்டைகளை ஏற்றிய லொறி ஒன்று போன பாதையில் உழுந்து சிந்திக்கிடந்தால், உழுந்து மூட்டை கிழிந்திருக்கிறது என்று தெரியும். எவ்வளவு சிந்தியிருக்கிறது என்பதிலிருந்து கிழிசலின் அளவையும் ஊகிக்கலாம். ஆனால் அந்த லொறியில் உழுந்து மூட்டைகள் நான்கு இருந்தால், கிழிந்தது எது? இருதயப் பரிசோதனையின் வரலாறு முழுவதும், இருதய மூட்டையில் மட்டுமே இருக்கும் தானியத்தைத் தேடிய வரலாறுதான்.

முதலில் அகப்பட்டது இன்று ஈரல் பரிசோதனைத் தாளில் ஏ.எஸ்.ரி. என்று இருக்கும் நொதியம். பழைய தாள்களில் எஸ்.ஜி.ஓ.ரி. என்று இருக்கும். மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் இது ஏறுகிறது என்பதை நியூயோர்க்கில் லடூ, ரொப்லெவ்ஸ்கி, காமன் ஆகியோர் 1954இல் வெளியிட்டனர். காமன் அப்போது மருத்துவ மாணவர். இரத்தக் குழாய் ஒன்றை வைத்து இருதயத்தின் நிலையைச் சொல்ல முடியும் என்பது அன்று பெரிய செய்தி. ஆனால் ஏ.எஸ்.ரி. ஈரலிலும் இருக்கிறது, கைகால் தசைகளிலும் இருக்கிறது, செங்குருதிக் கலங்களிலும் இருக்கிறது. அடுத்து வந்த எல்.டி.எச். நொதியத்துக்கும் அதே குறை. ஆய்வுகூடக்காரர் எவருக்கும் எல்.டி.எச். என்றால் ஒரு சிறு எரிச்சல் உண்டு. இரத்தம் எடுத்த குழாய் குண்டும் குழியுமான வீதியில் குலுங்கி வந்து செங்கலங்கள் உடைந்தாலே அந்த இலக்கம் ஏறிவிடும். குற்றம் இருதயத்தில் இல்லை, வீதியில்.

பின்னர் கிரியற்றின் கைனேஸ் என்ற சி.கே. வந்தது. இது தசைக்குரிய நொதியம். அதிலும் சி.கே.-எம்.பி. என்ற வகை இருதயத் தசையில் கூடுதலாக இருப்பதால், 1970களிலிருந்து நீண்டகாலம் மாரடைப்பை உறுதிசெய்யும் பரிசோதனையாக அதுவே இருந்தது. என்றாலும் முழுச் சி.கே.யின் அளவு வலை இழுத்தவருக்கும் ஏறும், நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவருக்கும் ஏறும், தசையில் ஊசி போட்டவருக்கும் ஏறும்.

இன்று நாம் பார்ப்பது ட்ரோபொனின். இதை மக்கள் மட்டுமல்ல, வைத்தியசாலைக்குள் இருப்பவர்களும் "கார்டியக் என்சைம்" என்றே சொல்வார்கள். உண்மையில் அது நொதியமே அல்ல. தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதம். ஜப்பானியரான செற்சுரோ எபாஷி 1960களில் இதைக் கண்டறிந்தார். இதில் ரி, ஐ என்ற இரு வகைகள் இருதயத் தசையில் கைகால் தசையில் உள்ளதிலிருந்து வேறுபட்ட அமைப்பில் இருக்கின்றன. அந்த வேறுபாட்டைப் பிடிக்கும் இரத்தப் பரிசோதனையை ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் ஹியூகோ காட்டுஸ் குழுவினர் 1989இல் வெளியிட்டனர். இருதய மூட்டையின் தானியம் அப்போதுதான் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இருதய வைத்தியர் அமைப்புகள் இணைந்து மாரடைப்பின் வரைவிலக்கணத்தையே ட்ரோபொனினை மையமாக வைத்து மாற்றி எழுதின.

மணிக்கூட்டைப் பாருங்கள்

இனித்தான் முதற் கேள்விக்கான பதில். மூட்டை கிழிந்த உடனேயே பாதையில் எல்லாம் சிந்திவிடாது. நோவு தொடங்கி ஏறத்தாழ 3 முதல் 4 மணித்தியாலங்களுக்குப் பின்னர்தான் சாதாரண ட்ரோபொனின் பரிசோதனையில் இலக்கம் ஏறத் தொடங்கும். உச்சத்தை அடைய ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். பிறகு மெதுவாக இறங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் இரத்தத்தில் நிற்கும். சி.கே.-எம்.பி. 4 முதல் 6 மணித்தியாலத்தில் ஏறி இரண்டு மூன்று நாட்களில் இறங்கிவிடும். ஏ.எஸ்.ரி. ஏறவே 8 முதல் 12 மணித்தியாலம் வேண்டும்.

இதன் பொருள் எளியது. அதிகாலை 4 மணிக்கு நோவு தொடங்கி, 5 மணிக்கு எடுத்த இரத்தத்தில் ட்ரோபொனின் "நெகட்டிவ்" என்று வந்தால், அது பெரிதாக எதையும் சொல்லவில்லை. அதனால்தான் வைத்தியர்கள் சில மணித்தியாலங்கள் கழித்து இரண்டாவது தடவை இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். "ஒருக்கா எடுத்தாச்சு, காசுக்குத் திருப்பி எடுக்கினம்" என்று சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் ஏற்றம் இருக்கிறதா என்பதே அங்கு கேள்வி. முதல் இலக்கம் ஓர் ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதியுணர்திறன் கொண்ட புதிய பரிசோதனை உள்ள இடங்களில் இந்த இடைவெளி ஒன்று முதல் மூன்று மணித்தியாலங்களாகக் குறைந்திருக்கிறது. சிறிய வைத்தியசாலைகளிலும் தனியார் நிலையங்களிலும் பாவிக்கும், கோடு விழுகிறதா என்று பார்க்கும் அட்டைப் பரிசோதனைக்கு அந்த உணர்திறன் கிடையாது.

ஆகவே றிப்போட்டைக் காட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இலக்கத்தை அல்ல. நோவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதையே கேட்கிறேன். பலருக்கு முதலாவது நினைவிருக்காது. வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு இறுகினால் அருகில் இருப்பவர் நேரத்தைக் குறித்துக்கொள்வது, வைத்தியருக்கு அந்த றிப்போட்டில் பாதியைக் கொடுத்ததற்குச் சமம்.

இன்னொன்று. இரண்டு தடவையும் ட்ரோபொனின் ஏறவில்லை என்றால், தசை இறக்கவில்லை என்று அர்த்தம். அடைப்பு இல்லை என்று அர்த்தமல்ல. நாடி முக்கால்வாசி அடைபட்டிருந்தும் தசை இன்னும் இறக்காமல் இருக்கலாம். நடந்தால் வருவதும் நின்றால் போவதுமாக இருந்த நோவு சும்மா இருக்கும்போதே வரத் தொடங்கினால், ட்ரோபொனின் சரியாக இருந்தாலும் அது ஆபத்தின் அறிகுறி. ஈ.சி.ஜி., எக்கோ, ஓடவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி., அஞ்சியோகிராம் என்று வைத்தியர் மேலே போவது அதனால்தான்.

மறுபுறம், பெரிய மாரடைப்பு ஈ.சி.ஜி.யிலேயே தெரிந்துவிட்டால் இரத்த றிப்போட்டுக்குக் காத்திருக்காமலே சிகிச்சை தொடங்கப்படும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நோவு தொடங்கிய 12 மணித்தியாலத்துக்குள் பயன்தரும். ஆனால் முதல் இரண்டு மூன்று மணித்தியாலங்களில் தரும் பயன் பின்னர் கிடைக்காது. எனவே தனியார் ஆய்வுகூடத்தில் வரிசையில் நின்று ட்ரோபொனின் எடுத்து, றிப்போட் வரும்வரை வீட்டில் காத்திருப்பது மிகவும் ஆபத்தான சிக்கனம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். அரச வைத்தியசாலையில் ஈ.சி.ஜி.யும் இலவசம்.

எங்கள் மக்களிடம் மட்டும் காணும் ஒரு தாமதம் இருக்கிறது. நெஞ்சிலோ முதுகிலோ செல் துண்டுடன் வாழ்பவர்கள் பலர். நெஞ்சு நொந்தால் "அது பழைய துண்டு, குளிருக்கு இழுக்குது" என்று தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். செல் துண்டு நோ தரலாம்தான். ஆனால் 30 வயதில் காயப்பட்டவருக்கு இன்று 50 வயதை நெருங்குகிறது அல்லது தாண்டிவிட்டது. துண்டு இருக்கும் நெஞ்சுக்குள்ளும் முடியுரு நாடிகள் இருக்கின்றன. நோவு இறுக்கமாக, கைக்கோ தாடைக்கோ ஓடுவதாக, வியர்வையுடன் வந்தால் துண்டின் மீது பழியைப் போடக் கூடாது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களின் தாமதம் வேறு வகையானது. அவர்களுக்கு நோவு தெளிவாக வராமல் களைப்பு, மூச்சு வாங்கல், ஓங்காளம் என்று வருவதும் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பார்ப்போம் என்று நினைப்பதும் உண்டு. சலரோகம் உள்ளவர்களுக்கு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

இலக்கம் ஏமாற்றும் இடங்கள்

ட்ரோபொனின் ஏறியிருக்கிறது என்றால் இருதயத் தசைக்குச் சேதம் என்று சொல்லலாம். அது நாடி அடைப்பால் வந்த சேதம் என்று அந்த இலக்கம் மட்டும் சொல்லாது. இருதயத் தசை அழற்சி, நுரையீரலில் இரத்தக்கட்டி, கடுமையான கிருமித்தொற்று, இருதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் அது ஏறும். நாட்பட்ட சிறுநீரக நோயாளரிடம் எப்போதுமே சற்று உயர்ந்து நிற்கும். வவுனியா போன்ற சிறுநீரக நோய் கூடிய மாவட்டங்களில் உள்ளவர்களுக்கு இது முக்கியம். அவர்களைப் பொறுத்தவரை உயர்ந்த இலக்கம் அல்ல, மணிக்கு மணி மாறும் இலக்கமே எச்சரிக்கை.

அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஆய்வுகூடம் நனோகிராம்/மில்லிலீற்றரில் தரும், இன்னொன்று நனோகிராம்/லீற்றரில் தரும். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதியுணர்திறன் ட்ரோபொனின்-ரி பரிசோதனையில் 14 நனோகிராம்/லீற்றர் என்பது வழக்கமான மேலெல்லை. அதையே மற்ற அலகில் எழுதினால் 0.014. "நேற்று 0.01, இண்டைக்கு 12" என்று பதறிப்போய் வந்தவர்களின் தாள்களைப் பார்த்தால், இலக்கம் அசையவே இல்லை, ஆய்வுகூடம்தான் மாறியிருக்கும். ட்ரோபொனின்-ரியையும் ட்ரோபொனின்-ஐயையும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியாது. ஒரே இடத்தில் தொடர்ந்து எடுப்பதே நல்லது.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் முடி, நகம், தோல் "விற்றமின்" குளிசைகளில் பயோற்றின் கூடிய அளவில் இருக்கும். சில வகை இயந்திரங்களில் இந்தப் பயோற்றின் பரிசோதனைக்குள் புகுந்து ட்ரோபொனினை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரித்தது. பிழையாகக் குறைந்து காட்டிய ட்ரோபொனினால் ஒருவர் இறந்ததாகக் கிடைத்த முறைப்பாட்டையும் அதில் குறிப்பிட்டது. வைத்தியர் "என்ன மருந்து பாவிக்கிறீர்கள்" என்று கேட்டால், "அது மருந்தில்லை, விற்றமின்தானே" என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள்.

கறள் பிடிக்கும் கொழுப்பு

ட்ரோபொனினும் சி.கே.யும் வீடு எரிந்த பிறகு எழும் புகை. நெருப்பு எப்படி மூண்டது என்பதைக் கேட்கும்போதுதான் "ஒட்சியேற்ற நெருக்கீடு" என்ற சொல் வருகிறது. நெருக்கீடு என்றதும் எம்மவர்கள் உளநெருக்கீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். இது அதுவல்ல. கடற்கரைக் கிராமத்தில் தகரக் கூரை கறள் பிடிப்பதும், வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும், நாட்பட்ட எண்ணெயில் காறல் மணம் வருவதும் ஒட்சிசனின் வேலை. அதே வேலை உடலுக்குள்ளும் நடக்கிறது. உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது, இலத்திரன் ஒன்று சோடியில்லாமல் நிற்கும் துடுக்கான மூலக்கூறுகள் கொஞ்சம் எப்போதும் பிறக்கும். உடலிலேயே அவற்றை அடக்கும் நொதியங்களும் உண்டு. பிறப்பு கூடி, அடக்குதல் குறைந்த நிலைதான் ஒட்சியேற்ற நெருக்கீடு.

இதற்கும் முடியுரு நாடிக்கும் உள்ள தொடர்பு இரண்டு வழிகளில் புரியும். முதலாவது, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்திரோல் நாடிச் சுவருக்குள் நுழைந்தபின் அங்கே ஒட்சியேறுகிறது. ஒட்சியேறிய எல்.டி.எல்.ஐ உடலின் துப்புரவுக் கலங்கள் வேற்றுப் பொருள் என்று எண்ணி விழுங்குகின்றன. அளவு தெரியாமல் விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைக் கலங்களாகி அங்கேயே இறக்கின்றன. திட்டின் நடுப்பகுதி அதுதான். அமெரிக்க விஞ்ஞானி டானியல் ஸ்ரைன்பேர்க்கும் சக ஆய்வாளர்களும் 1989இல் இந்தக் கருத்தைத் தொகுத்து முன்வைத்தனர். இரண்டாவது, நாடிச் சுவர் தளர்ந்து விரிவதற்கு நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு தேவை. அதைக் கண்டறிந்தமைக்காக 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுப்பரொட்சைட்டு என்ற துடுக்கு மூலக்கூறு இந்த வாயுவைப் பிடித்து வீணாக்கிவிடுகிறது. நாடி விரிய வேண்டிய நேரத்தில் விரியாது.

அடக்கும் நொதியங்களில் முதன்மையானது சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேஸ். மக்கோர்டும் ஃபிரிடோவிச்சும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1969இல் இதை அறிவித்தனர். அது தள்ளிவிடும் ஐதரசன் பேரொட்சைட்டைக் கற்றலேசும் குளுற்றதையோன் பேரொட்சிடேசும் தண்ணீராக்குகின்றன. நல்ல கொலஸ்திரோலான எச்.டி.எல். துணிக்கையில் பரஒக்சோனேஸ் என்ற நொதியம் ஒட்டிக்கொண்டு போய், எல்.டி.எல். ஒட்சியேறுவதைக் குறைக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நிற்பது மயலோபேரொட்சிடேஸ். வெண்குருதிக் கலங்கள் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதம் இது. கிணற்றுக்குப் பி.எச்.ஐ. குளோரீன் போடும்போது தண்ணீரில் உண்டாகும் அதே ஐப்போகுளோரசமிலத்தை இது உடலுக்குள் உண்டாக்குகிறது. நாடிச் சுவரின் திட்டுக்குள் இது நடந்தால் மேல்மூடி மெலிந்து வெடிக்கும் நிலைக்குப் போகிறது.

இவற்றை அளந்து நோயை முன்கூட்டியே சொல்லலாமா? முயன்றிருக்கிறார்கள். ஜேர்மனியில் முடியுரு நாடி நோய் சந்தேகிக்கப்பட்ட 636 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், செங்கலங்களில் குளுற்றதையோன் பேரொட்சிடேசின் செயற்பாடு குறைந்தவர்களுக்குப் பின்னர் மாரடைப்பும் இருதய மரணமும் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நெஞ்சுநோவுடன் வந்த 604 பேரில் மயலோபேரொட்சிடேஸ் உயர்ந்திருந்தவர்களுக்கு, முதல் ட்ரோபொனின் சரியாக இருந்தபோதும், அடுத்த மாதங்களில் ஆபத்து கூடுதலாக இருந்தது. ஒஸ்திரியாவில் 163,944 பேரை அவதானித்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு, சாதாரண ஈரல் பரிசோதனைத் தாளில் உள்ள ஜி.ஜி.ரி. கூடக் கூட இருதய, குருதிக்குழாய் நோய் மரணங்களும் கூடுவதைக் காட்டியது. ஜி.ஜி.ரி. குடியால் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். குடிக்காதவரிடமும் அது ஏறியிருந்தால் ஈரல் கொழுப்பையும் சீனியையும் ஒருமுறை பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் கூட்டமாகப் பார்க்கும்போது தெரியும் ஒரு போக்கு, ஒரு தனி ஆளின் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு உறுதியானதாக ஆகிவிடாது. இந்த ஒட்சியேற்ற நொதியங்கள் ஆய்வுக்குரியவை. இவற்றைப் பார்த்து மருந்து மாற்றும் வழக்கம் இல்லை. முழு உடல் பரிசோதனைப் பொதிகளில் "ஒட்சியேற்ற நிலை" என்று ஒரு வரி சேர்த்து விற்கப்பட்டால், அந்தக் காசுக்குக் கொலஸ்திரோல் முழுமையாகவும் மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பார்ப்பது ஆயிரம் மடங்கு பயன்.

குளிசை விற்பவர்கள் சொல்லாதது

கறள்தான் காரணம் என்றால் கறள் எதிர்ப்பு மருந்து போட்டால் சரிதானே என்பது நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். கேம்பிரிட்ஜில் 2,002 நோயாளரிடம் விற்றமின் ஈ கொடுத்துச் செய்த பரிசோதனை 1996இல் வெளிவந்தபோது, உயிராபத்தில்லாத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்ததாகக் கண்டார்கள். நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. பின்னர் பெரிய பரிசோதனைகள் வந்தன. சலீம் யூசுப் தலைமையிலான ஹோப் ஆய்வில் 9,500க்கும் மேற்பட்டோருக்கு நான்கரை ஆண்டுகள் விற்றமின் ஈ கொடுத்தும் பயன் இல்லை என்று 2000இல் தெரிந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை மேலும் தொடர்ந்தபோது, விற்றமின் ஈ எடுத்தவர்களிடம் இருதயச் செயலிழப்புச் சற்றுக் கூடுதலாக இருந்ததை 2005இல் அறிவித்தார்கள்.

பிரித்தானியாவில் 20,536 பேரிடம் நடந்த ஆய்வுதான் என் மனதில் மிகவும் பதிந்தது. அதில் ஒரே மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. விற்றமின் ஈ, சி, பீற்றா கரோட்டீன் மூன்றும் சேர்ந்த குளிசையை ஐந்து ஆண்டுகள் எடுத்தவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. சிம்வஸ்ரற்றின் 40 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. முடிவு வந்தது 2002இல். அரச கிளினிக்கில் இலவசமாகத் தரப்படும் ஸ்ரற்றின் வகைக் குளிசையை "ஈரலைப் பழுதாக்குமாம்" என்று நிறுத்திவிட்டு, விலை கொடுத்து விற்றமின் வாங்குபவர் இந்த இரண்டு முடிவுகளையும் தலைகீழாக்கிக்கொண்டு போகிறார். புகைப்பவர்களுக்கு இன்னும் மோசம்: பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில் பீற்றா கரோட்டீன் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்ததை 1994இல் கண்டார்கள்.

ஏன் இப்படி? உடல் அந்தத் துடுக்கு மூலக்கூறுகளைக் கிருமியைக் கொல்லவும் கலங்களுக்கிடையே செய்தி அனுப்பவும் பாவிக்கிறது. எல்லாவற்றையும் அடக்குவது நன்மையல்ல. விழுங்கிய விற்றமின் சேதம் நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதும் நிச்சயமில்லை. முருங்கையிலை, நெல்லி, கொய்யா, கீரை என்று உணவாகச் சாப்பிடுவதில் கிடைப்பது வேறு. அதில் நார்ப்பொருளும் வேறு பலவும் சேர்ந்தே வருகின்றன. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் மரக்கறியும் பழமும் தினமும் உண்பது மாரடைப்பைக் குறைக்கும் காரணிகளில் ஒன்றாகக் காணப்பட்டது. இலங்கையும் உள்ளடங்கிய தெற்காசியத் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, எம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதளவில் வந்தது. ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59. அந்த ஆறு ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பது உழைப்பவர் ஒருவரே உள்ள வீட்டுக்குத் தெரியும்.

ஒட்சியேற்றத்தின் ஊற்றை அடைப்பவை பழைய, அலுத்துப்போன அறிவுரைகள்தான். சுருட்டு, சிகரெட், பீடி எதுவானாலும் ஒவ்வோர் இழுப்பிலும் கோடானுகோடி துடுக்கு மூலக்கூறுகள் நேராக உள்ளே போகின்றன. பரஒக்சோனேசின் செயற்பாட்டையும் புகை குறைக்கிறது. பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இல்லாதபோது நாடிச் சுவரே அந்த மூலக்கூறுகளைக் கூடுதலாக உண்டாக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த வடையும் ரோல்சும் ஒட்சியேறிய கொழுப்பையே தருகின்றன.

போர் விட்டுச்சென்ற ஆபத்து

உளநெருக்கீடு வேறு, ஒட்சியேற்ற நெருக்கீடு வேறு என்று மேலே சொன்னேன். ஆனாலும் முதலாவது இருதயத்தைத் தொடாமல் விடுவதில்லை. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த 281 இரட்டையர் சோடிகளை ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவதானித்து 2013இல் வெளியான ஆய்வில், மனவடு நோய் உள்ளவர்களில் 22.6 வீதமானோருக்கு முடியுரு நாடி நோய் வந்தது. அது இல்லாதவர்களில் 8.9 வீதமானோருக்கு. இரட்டையர்களைப் பார்த்ததன் நோக்கம், பரம்பரையையும் வளர்ந்த வீட்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதுதான். இரண்டாம் உலகப் போரில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்த ஆய்வொன்று 1980இல், முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்கள் போன்று பெரிய அளவில் அவயவம் இழந்தவர்களிடம் இருதய, குருதிக்குழாய் நோய் மரணங்கள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

இரண்டும் படையினரைப் பற்றியவை. செல்லுக்குள் பதுங்குகுழியில் இருந்த தாய்க்கு அதே வீதம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலை இழந்தவரும், இரவில் திடுக்கிட்டு எழும்புபவரும், காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருப்பவரும் 40 வயதிலேயே பிரஷர், சீனி, கொலஸ்திரோல் மூன்றையும் பார்த்துக்கொள்ள இது போதிய காரணம் என்று நினைக்கிறேன். ஊன்றுகோலுடன் கிளினிக் வரிசையில் நிற்பது கடினம் என்பது தெரியும். மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு நாள் போதும். நித்திரையின்மையையும் திடுக்கிடலையும் அதே வைத்தியரிடம் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். நெஞ்சுநோவுடன் வருபவரின் ஈ.சி.ஜி.யில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது இன்று வந்ததா பத்து ஆண்டுகளுக்கு முன் வந்ததா என்பதைப் பழைய ஈ.சி.ஜி. ஒன்று இருந்தால் வைத்தியர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இடப்பெயர்வுகளில் எங்கள் மக்கள் உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் இழந்ததுபோல மருத்துவக் கொப்பிகளையும் இழந்தார்கள். இப்போதிருந்து எடுப்பவற்றையாவது, ஈ.சி.ஜி., கடைசி ட்ரோபொனின், கிளினிக் கொப்பியில் மருந்து எழுதிய பக்கம் மூன்றையும் தொலைபேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். ஈ.சி.ஜி. தாளின் மை சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஆகையால் எடுத்த அன்றே படமெடுப்பது நல்லது.